அப்பாரு வெச்சுட்டுப் போன ரெட்டைக்குழல்

அப்பா காரியம் முடிஞ்சு பங்காளிகள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு, தம்பி அட்டாலியைக் கை காட்டினான். "அண்ணா, அதை என்ன பண்றது?"

அட்டாலி என்றால் எங்க பக்கம் வீட்டுக்குள்ளே கூரைக்கடியில் பலகை போட்டு சாமான் வைக்கிற இடம். அங்கே பழைய பித்தளை அண்டா, உழவு மாட்டுச் சலங்கை, அதுக்கெல்லாம் பின்னால் சாக்கில் சுத்தி ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கி. எங்க அப்பாரு, அதாவது அப்பாவோட அப்பா, வாங்கினது.

டவுன்ல இருக்கிற உங்களுக்கு, ரெண்டரை ஏக்கர் விவசாயி வீட்டில் துப்பாக்கியா என்று இருக்கும். எங்க ஊர் பர்கூர் மலை அடிவாரம். கடலைக்காய் போட்டால் காட்டுப்பன்னி, மக்காச்சோளம் போட்டால் யானை. ஒரு காலத்தில் அடிவார ஊர்களில் பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கின துப்பாக்கி ஊருக்கு நாலைந்து இருந்தது. இப்ப எங்க ஊரில் எனக்குத் தெரிஞ்சு ரெண்டுதான்.

அதைப் பத்தி எங்க வீட்டில் ஒரு கதை உண்டு. மலைக்கு வேட்டைக்கு வந்த வெள்ளைக்கார துரை ஒருத்தர் அப்பாருவோட தைரியத்தைப் பார்த்து மெச்சிக் கொடுத்தார் என்று. அந்தக் கதையை நம்பித்தான் மாமா ஒருத்தர் "துரை துப்பாக்கிப்பா, லட்சக்கணக்கில போகும்" என்றார். மச்சான் மகனோ, "மாமா, ரெண்டு தோட்டா மட்டும் வாங்கிக் குடுங்க, பன்னிய நான் பாத்துக்கிறேன்" என்றான். விற்கிறதா, சுடுறதா, ஒப்படைக்கிறதா என்று வீட்டில் மூணு கட்சி ஆகிப்போச்சு.

முதலில் ஒரு விஷயம். லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு, அப்புறம்தான் வாரிசு பேருக்கு மனுப் போடணும். அப்பா பேரில் இருந்ததை எடுத்து நாங்க தொடுவதே குற்றம் ஆகிவிடும் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். அவங்க எழுதிக் கொடுத்த கடிதத்தோடு கோயமுத்தூரில் ஒரு கடையில் கொண்டுபோய் ஒப்படைத்தோம். அங்கேதான் ரிப்பேர் வேலை பார்க்கிற பெரியவர் ஒருத்தரைச் சந்தித்தேன். எழுபது வயசுக்கு மேல் இருக்கும். இந்தக் கட்டுரையில் பாதி அவர் சொல்லிக் கொடுத்தது, மீதி அதுக்கப்புறம் நான் தேடித் தேடிப் படிச்சது.

துப்பாக்கியை மேசையில் வைத்ததும் நான், "நாப்பது வருஷமா யாரும் தொடலீங்க, காலிதான்" என்றேன்.

"எல்லாரும் அதையேதான் சொல்லுவாங்க தம்பி" என்று சொல்லிக்கொண்டே குழலின் வாயை ஆள் இல்லாத சுவர்ப் பக்கம் திருப்பி, நெம்புகோலைத் தள்ளி, மடக்கித் திறந்து, ரெண்டு குழலுக்குள்ளேயும் வெளிச்சம் தெரியுதா என்று பார்த்த பிறகுதான் மூச்சு விட்டார்.

அவர் செய்ததன் அருமை எனக்கு உடனே புரிஞ்சுது. எனக்குப் பதினொரு வயசு இருக்கும்போது, பக்கத்துத் தோட்டத்துச் சாளையில் ஒரு கேப்புத் துப்பாக்கி ஆணியில் தொங்கிக்கொண்டு இருந்தது. வாய் வழியாக மருந்தும் ரவையும் போட்டுக் கெட்டிக்கிற ஒத்தைக்குழல். அந்த வீட்டுத் தாத்தா இறந்து அஞ்சாறு வருஷம் ஆகியிருந்தது. காலி என்று எல்லாருக்கும் நினைப்பு. விருந்துக்கு வந்த ஒரு பையன் விளையாட்டாக ஒரு கேப்பை மாட்டிக் குதிரையைத் தட்டினான். கூரை ஓடு நாலு சிதறி, கட்டுத்தரையில் நின்ற கன்னுக்குட்டி விழுந்தது. அந்த இடத்தில் கன்னுக்குட்டிக்குப் பதிலாக யார் வேணும்னாலும் இருந்திருக்கலாம். கரிமருந்து நனையாமல் இருந்தால் எத்தனையோ வருஷம் உயிரோடு இருக்கும் என்று அன்னைக்குத்தான் ஊருக்குத் தெரிஞ்சுது.

வாய்வழித் துப்பாக்கி காலியா இல்லையா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கு. கெட்டிக்கிற குச்சியை உள்ளே அடி வரைக்கும் விட்டு, வாயோரம் நகத்தால் அடையாளம் வைத்து, அதே குச்சியை வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பார்க்கணும். குச்சி கேப்பு மாட்டுகிற காது வரைக்கும் எட்டினால் காலி. நாலு விரல் குறைவாக நின்றால் உள்ளே சரக்கு இருக்குன்னு அர்த்தம். அப்புறம் அதை நீங்க தொடவே வேண்டாம், தெரிஞ்ச ஆள் வரட்டும். இதை அந்த வீட்டில் யாருக்காவது சொல்லிக் கொடுத்திருந்தால் அந்தக் கன்னு பிழைத்திருக்கும்.

பெரியவர் எங்க துப்பாக்கியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ரெண்டு குழலுக்கும் நடுவில் ஓடுகிற பட்டையில் 'பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்' என்று தேய்ந்துபோன எழுத்து. மவுண்ட் ரோட்டில் கடிகாரமும் நகையும் விற்ற அதே பேர் பெற்ற கடைதான். அந்தக் காலத்தில் துப்பாக்கியும் விற்றார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். "அப்ப மெட்ராஸ்ல செஞ்சதுங்களா?" என்றேன்.

"மேல இருக்கிற பேரைப் பாக்காதீங்க தம்பி. அது வித்தவன் பேரு. செஞ்சவன் அடியில இருப்பான்."

இதைப் புரிஞ்சுக்கத் திருப்பூரை நினைத்தால் போதும். துணி ஒரு இடத்தில் நெய்து, இன்னொரு இடத்தில் சாயம் போட்டு, வேற இடத்தில் தைத்து, கடைசியில் கடைக்காரன் பேரில் லேபிள் வைக்கிற மாதிரிதான் இங்கிலாந்தில் பர்மிங்காம் ஊரில் துப்பாக்கித் தொழில் நடந்தது. குழல் செய்கிறவன் ஒருத்தன், பூட்டு செய்கிறவன் ஒருத்தன், கட்டை இழைக்கிறவன் ஒருத்தன், கோலம் வெட்டுகிறவன் இன்னொருத்தன். எல்லாம் சேர்ந்ததும் எந்தக் கடை கேட்டதோ அந்தக் கடை பேரை மேலே பொறித்துக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். கல்கத்தாவில் மேன்டன், ராடா, மெட்ராஸில் ஓக்ஸ், பி. ஆர் என்று பேர் போன கடைகள் இப்படித்தான் விற்றன. மேலே இருக்கிற பேரை வைத்து விலை சொல்கிறவன் லேபிளைப் பார்த்துச் சட்டைக்கு விலை சொல்கிறவன்.

பெரியவர் முன்கட்டையைக் கழட்டி, குழல்களைத் தனியாகப் பிரித்து, அடிப்பக்கத்தை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தார். அங்கேதான் எங்க துப்பாக்கியோட ஜாதகம் இருந்தது. ஒரு கிரீடம், அதுக்குக் கீழே பெருக்கல் குறி மாதிரி ரெண்டு செங்கோல், இடுக்குகளில் பி, பி, சி என்று மூணு எழுத்து. பக்கத்தில் 13 என்ற எண். இடது குழலில் மட்டும் 'நாட் ஃபார் பால்' என்று சின்னச் சின்ன எழுத்து.

கிரீடமும் செங்கோலும் பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரை. பார்லிமென்ட் சட்டப்படி 1813-ல் ஏற்பட்ட இடம் அது. லண்டனில் அதுக்கும் ரொம்ப முன்னால், 1637-லேயே துப்பாக்கி செய்கிறவர்களுக்கு ராஜ பட்டயம் கொடுத்தாச்சு. அங்கே என்ன செய்வார்கள் என்றால், புதுக் குழலில் வழக்கத்தைவிட அதிகமாக மருந்து போட்டு வெடிப்பார்கள். தாங்கினால் முத்திரை, தாங்காவிட்டால் பழைய இரும்பு. நாம போர்வெல் பைப்பை அழுத்தம் கொடுத்துப் பார்த்து வாங்குகிற மாதிரி. பெல்ஜியத்தில் லியேஜ் ஊரிலும் இதே ஏற்பாடு. முட்டை வடிவத்துக்குள் ஈ, எல், ஜி என்று மூணு எழுத்து இருந்தால் அது லியேஜ் சரக்கு. நம்ம நாட்டில் இங்கிலீஷ் துப்பாக்கி என்று நினைத்துப் பூஜை போடுகிற எத்தனையோ துப்பாக்கிகளின் அடியில் அந்த முட்டைதான் இருக்கும்.

13 என்ற எண்ணைப் பார்த்து நான் குழம்பினேன். லைசென்ஸில் 12 போர் என்றுதான் இருக்கு. இந்தக் கணக்கு பழைய ஈயக் கணக்கு. ஒரு பவுண்டு ஈயத்தை, அதாவது 453 கிராம் சொச்சத்தை, சரிசமமாகப் பன்னெண்டு உருண்டையாக உருட்டினால் ஒரு உருண்டை எந்தக் குழலில் சரியாக இறங்குமோ அதுதான் 12 போர். குறுக்களவு சுமார் பதினெட்டரை மில்லிமீட்டர். எண் கூடக் கூடக் குழல் சிறுசு. 12 போர் துப்பாக்கியின் குழல் கொஞ்சம் இறுக்கமாகக் கடைந்திருந்தால் சோதனைச் சாலைக்காரர் உள்ளபடி அளந்து 13 என்று அடித்துவிடுவார். தோட்டா என்னவோ 12 தான். விவரம் தெரியாமல் வேற தோட்டா தேட வேண்டியதில்லை.

'நாட் ஃபார் பால்' என்றால் ஒத்தைக் குண்டு போட்டுச் சுடாதே என்று அர்த்தம். அந்தக் குழலின் வாய் கொஞ்சம் குறுக்கப்பட்டிருக்கும், ரவை சிதறாமல் போவதற்காக. அதில் முழுக் குண்டு போட்டால் வாயைப் பிளந்துகொண்டு போகும். இந்த வாசகத்தை 1875-லிருந்து 1887 வரைக்கும்தான் அடித்தார்கள். அந்த ஒரு வரி போதும், எங்க துப்பாக்கி பிறந்த காலம் பன்னெண்டு வருஷத்துக்குள் அடங்கிப்போச்சு.

அடையாளம் பார்க்க இன்னொரு வழி, அதன் உடம்பையே பார்ப்பது. சிக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி உண்டாக்கி வெடித்த காலத்தில், கல் பொறி தட்டுகிற வெளிச்சத்தைப் பார்த்துப் பறவை பறந்துவிடும். அதில் சலித்துப்போன ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சித், தட்டினாலே வெடிக்கிற மருந்தைத் துப்பாக்கியில் வைக்கிற வழியைக் கண்டுபிடித்து 1807-ல் காப்புரிமை வாங்கினார். அதிலிருந்து வந்ததுதான் கேப்பு. 1830-களில் பிரான்சில் லெஃபோஷே என்பவர் குழலை மடக்கிப் பின்பக்கமாகத் தோட்டா போடும் முறையைக் கொண்டுவந்தார். அவருடைய தோட்டாவில் பக்கவாட்டில் ஒரு ஆணி நீட்டிக்கொண்டு இருக்கும். 1860-களில் இப்ப இருக்கிற மாதிரி தோட்டாவின் அடி நடுவில் கேப்பு வந்தது. 1875-ல் ஆன்சன், டீலி என்ற ரெண்டு பேர் குதிரையை உள்ளே மறைத்துவிட்டார்கள். எங்களுடையது வெளியே ரெண்டு குதிரையும் காது மாதிரி நிற்கிற ரகம். குழல் மடங்குகிறதா, ஆணிக்குக் காடி இருக்கிறதா, குதிரை வெளியே இருக்கிறதா என்று மூணு கேள்வி கேட்டாலே எந்தத் தலைமுறை என்று சொல்லிவிடலாம்.

குழலைத் துடைக்கத் துடைக்கக் கோரைப்பாய்ப் பின்னல் மாதிரி ஒரு வரி ஓடுவது தெரிந்தது. "டமாஸ்கஸ் குழல்" என்றார் பெரியவர். இரும்புப் பட்டையும் எஃகுப் பட்டையும் சேர்த்துக் காய்ச்சி, முறுக்கி, ஒரு கம்பியின் மேல் கயிறு சுத்துகிற மாதிரி சுத்தி, அடித்து அடித்து ஒட்டிச் செய்தது. பார்க்க அவ்வளவு அழகு. எங்க ஈரோட்டு ஜில்லாவில் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கு, பழங்காலத்திலேயே இரும்பும் எஃகும் உருக்கிய ஊர் என்று தோண்டிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். டமாஸ்கஸ் கத்திக்குப் போனது நம்ம தென்னாட்டு உருக்குதான் என்று சொல்லுவதால் நான் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன். பெரியவர் சிரித்தார். அது ஒரே கட்டியாக உருக்கின எஃகு, இது முறுக்கி ஒட்டின வேலை, பேர் மட்டும்தான் ஒண்ணு என்றார்.

அந்த 1875-லிருந்து 1887 என்ற கணக்கு என் மனசில் உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு வந்து அந்த வருஷங்களில் நம்ம சீமையில் என்ன நடந்தது என்று பார்த்தேன். 1876-ல் தாது வருஷம். எங்க அப்பத்தா "தாது வருஷத்துப் பஞ்சம்" என்று சொல்லும்போது அவங்க பார்த்த மாதிரியே சொல்லுவாங்க, அவங்களே பிறக்காத காலம் அது. மழை பொய்த்து, சேலம், கோயமுத்தூர் ஜில்லாக்களில் சனம் கூட்டம் கூட்டமாகச் செத்த பஞ்சம். 1878 வரைக்கும் ஓடியது. அந்தப் பஞ்சத்துக்கு நடுவில் 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் விக்டோரியா ராணிக்குப் பேரரசி பட்டம் என்று தர்பார் நடத்தினவர் வைஸ்ராய் லிட்டன். அவரே 1878-ல் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். இந்தியன் ஆயுதம் வைத்திருக்க லைசென்ஸ் வேணும், வெள்ளைக்காரனுக்கு வேண்டாம்.

தெற்கே இது புதுசும் இல்லை. மருது சகோதரர்களைத் தூக்கில் போட்ட கையோடு, 1801 டிசம்பர் முதல் தேதி மெட்ராஸ் கவர்னர் எட்வர்டு கிளைவ் போட்ட அறிக்கையில் பாளையக்காரர் சீமையில் ஆயுதம் தரிப்பதைத் தடை செய்தாச்சு. 1857-க்குப் பிறகு அந்தப் பயம் நாடு முழுக்கப் பரவினது, இருபது வருஷம் கழித்து எல்லாருக்குமான சட்டமாக வந்தது. 1887-ல் மெட்ராஸில் நடந்த காங்கிரஸ் மாநாட்டிலேயே இதைத் தளர்த்தச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். வெள்ளைக்காரன் செய்த கெடுதலில் இந்தச் சட்டம்தான் மிகக் கறுப்பானது என்கிற கருத்தில் 1918-ல் காந்தியே எழுதினார், அகிம்சைக்காரர் எழுதினார் என்பதை நீங்க கவனிக்கணும். பக்கத்துக் குடகு நாட்டில் மட்டும் குடவர்களுக்கு அப்போதே விலக்குக் கொடுத்தார்கள். அந்த விலக்கு இன்னும் இருக்கு, 2029 வரைக்கும் நீட்டித்திருக்கிறார்கள். நம்ம பக்கம் விவசாயிக்குக் கிடைத்தது, பயிரையும் மாட்டையும் காட்டு மிருகத்திடமிருந்து காக்க என்று காரணம் எழுதின ஒரு காகிதம்.

இப்ப எங்க துரை கதைக்கு வருகிறேன். அப்பாவோட பழைய தகரப் பெட்டியில் அப்பாருவின் முதல் லைசென்ஸ் புஸ்தகம் கிடைத்தது. 1951. காரணம் என்ற இடத்தில் பயிர்ப் பாதுகாப்பு. அதோடு ஒரு ரசீது, ஒரு எஸ்டேட் கணக்கரிடம் விலைக்கு வாங்கினதாக. துரையும் இல்லை, மெச்சுதலும் இல்லை. அந்த வருஷத்து மஞ்சள் வித்த காசு என்று பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தார். எனக்கு வருத்தமில்லை. துரை தூக்கிக் கொடுத்தது என்பதைவிட, குடியானவன் மஞ்சள் வித்து, கச்சேரிக்கு நடந்து, தன் பேரில் லைசென்ஸ் வாங்கினான் என்பதுதான் எனக்குப் பெரிசாகப் பட்டது. சுதந்திரம் வந்து நாலு வருஷத்தில்.

1959-ல் புதுச் சட்டம் வந்து 1962-லிருந்து நடைமுறை ஆச்சு. அதில் 13-வது பிரிவு, நிஜமாகவே பயிர்ப் பாதுகாப்புக்கென்று கேட்டால் வாய்வழித் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரணும் என்று பேர் சொல்லியே எழுதியிருக்கு. ஆனால் 1972-ல் வன உயிர்ச் சட்டம் வந்தது. துப்பாக்கிக்கு லைசென்ஸ் உண்டு, சுடத்தான் அனுமதி இல்லை. அதுக்கப்புறம் துப்பாக்கி எங்க அப்பாவுக்கு வானத்தைப் பார்த்து வெடித்துப் பன்னியை விரட்டுகிற ஒரு பெரிய பட்டாசு, அவ்வளவுதான். 2025-ல் தமிழ்நாடு அரசு போட்ட ஏற்பாட்டிலும் பன்னியைச் சுடுவது வனத்துறை வேலை. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அவங்களும் சுடக் கூடாது. எங்க காடு அந்த ஒரு கிலோமீட்டருக்குள்தான் இருக்கு. மச்சான் மகனுக்கு இதையே பதிலாகச் சொன்னேன்.

ஆனால் அவனுக்குச் சொல்ல அதைவிடப் பெரிய பதிலும் இருந்தது.

பெரியவர் குழல்களைக் கொக்கியைப் பிடித்துத் தொங்கவிட்டு ஒரு மரக்குச்சியால் தட்டினார். கோயில் மணி மாதிரி ஓசை வரணும், மொத்தையாகச் சத்தம் வந்தால் நடுப்பட்டை எங்கேயோ விட்டிருக்கு என்றார். ஓசை நல்லாத்தான் வந்தது. அப்புறம் குழலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ரெண்டாவது தடவை உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "தம்பி, இங்க வாங்க" என்றார்.

இடது குழலுக்குள்ளே, பின்வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, தண்ணிக்குள் வளையல் கிடக்கிற மாதிரி ஒரு நிழல் வளையம். வெளியே விரலால் தடவினால் அந்த இடத்தில் மயிரிழை மேடு. "உப்பியிருக்கு. உள்ளே அடைப்பு இருந்திருக்கணும், இல்லேன்னா புது மருந்துத் தோட்டா போட்டிருக்கணும். இன்னொன்னு போட்டிருந்தா பிளந்திருக்கும்."

எங்க துப்பாக்கி கரிமருந்துக் காலத்துச் சோதனை. 1880-களில் புகையில்லா மருந்து வந்தது. அது வேகமாக எரிந்து சட்டென்று அழுத்தம் ஏறுவது. அதுக்காக 1896-லிருந்து தனிச் சோதனை வைத்து 'நைட்ரோ ப்ரூஃப்' என்று அடித்தார்கள், பின்னால் என், பி என்று சுருக்கி அடித்தார்கள். அந்த முத்திரை இல்லாத குழலில் இன்றைய தோட்டாவைப் போடவே கூடாது. இன்னொரு சிக்கல் நீளம். பழைய துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை பெரும்பாலும் 65 மில்லிமீட்டர். இப்ப வருவது 70. ரெண்டும் உள்ளே போய் உட்காரும், ஏனென்றால் தோட்டாவின் வாய் மடித்திருக்கும். வெடிக்கும்போது அந்த மடிப்பு விரிந்து அறையைத் தாண்டிக் கழுத்தை நெரிக்கும். அழுத்தம் எகிறும். போச்சு என்றே உங்களுக்குத் தெரியாது. 20 போர் தோட்டாவை 12 போரில் தவறிப் போட்டாலும் அப்படித்தான். அது வழுக்கி உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும், காலி என்று நினைத்துப் பின்னால் 12 போட்டுச் சுட்டால் கை இருக்காது.

பெரியவர் சொல்லிக்கொண்டே இருந்தார், எனக்கு வேற ஒரு ராத்திரி நினைவுக்கு வந்தது. நான் ஏழாவது படித்தபோது. அதுவரைக்கும் அப்பா, அப்பாருவின் பித்தளைத் தோட்டாக்களில் கரிமருந்து நிரப்பித்தான் வெடிப்பார். நீலமாகப் புகை வந்து சாளையே மறையும். அந்த ராத்திரி யாரோ கொடுத்த சிவப்பு பிளாஸ்டிக் தோட்டாவைப் போட்டு வெடித்தார். சத்தம் வேற மாதிரி இருந்தது, காய்ந்த மூங்கில் பிளக்கிற மாதிரி. பரணிலிருந்து இறங்கி வந்தவர் இடது கையை உதறிக்கொண்டே இருந்தார். அம்மா கேட்டதுக்கு "ஒண்ணுமில்ல" என்றார். அதுக்கப்புறம் அவர் துப்பாக்கியைத் தொடவில்லை. யார் கேட்டாலும் "கண்ணு மங்கிருச்சு, குறி தெரியல" என்பார். அப்போது அவருக்கு நாப்பது சொச்சம் வயசு. அறுபது வயசிலும் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோத்தவர்.

அந்த மேட்டில் என் இடது கையை வைத்துப் பார்த்தேன். துப்பாக்கியை ஏந்தினால் விரல்கள் சரியாக அங்கேதான் வருகின்றன. அவர் அந்த வளையத்தைப் பார்த்தாரா, கையில் வந்த அதிர்ச்சியே போதும் என்று நிறுத்தினாரா, கேட்க ஆள் இல்லை. ஆனால் எண்ணெய் துடைத்து, சாக்கில் சுத்தி, தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கி, காலம் தவறாமல் புதுப்பித்து வைத்தாரே, எங்க கையில் மட்டும் கொடுக்கவே இல்லை.

கடைசியாக விலையைக் கேட்டேன். பெரியவர் சொன்ன கணக்கு இது. பேர் பெற்ற கைவினைஞன் செய்ததா, அடி முத்திரைகள் ராவாமல் இருக்கா, குழல் நீளம் வெட்டாமல் இருக்கா, உள்ளே சுரண்டிச் சுரண்டிக் குழல் தகடு மெலிஞ்சிருக்கா, மடக்கி மூடினால் இடைவெளி இல்லாமல் கவ்வுதா, நைட்ரோ முத்திரை உண்டா. எண்பதுகளில் வெளிநாட்டுத் துப்பாக்கி வரவை இறுக்கின பிறகு, நல்ல நிலையில் இருக்கிற பழைய இங்கிலீஷ் துப்பாக்கிக்கு நம்ம நாட்டில் கிராக்கி உண்டு. ஆனால் லைசென்ஸ் இருக்கிறவர்தான் வாங்க முடியும். நூறு வருஷத்துக்கு மேற்பட்டது என்பதால் 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டமும் வந்து நிற்கும், வெளிநாட்டுக்கு அனுப்பி விற்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எங்களுடையது சாதாரணக் கடைச் சரக்கு, ஒரு குழல் உப்பினது. மாமா சொன்ன தொகையில் நூத்தில் ஒரு பங்கைக்கூடக் கடைக்காரர் சொல்லவில்லை. "பளபளன்னு பாலிஷ் மட்டும் போட்டுடாதீங்க, இருக்கிற மதிப்பும் போயிரும்" என்றார் பெரியவர்.

உங்க வீட்டு மச்சிலும் இப்படி ஒண்ணு இருந்தால், தொடுவதுக்கு முன்னால் நிறைந்திருக்கு என்றே நினையுங்க. வாயை ஆள் இல்லாத பக்கம் வையுங்க, விசைக்குப் பக்கத்தில் விரல் போகவே வேண்டாம். குதிரையைத் தூக்கிப் பார்க்காதீங்க. ஸ்டேஷனுக்குச் சொல்லி, விவரம் தெரிஞ்சவர் திறந்து பார்த்த பிறகு அடி முத்திரைகளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்க. பழசுதானே, லைசென்ஸ் எதுக்கு என்று இருந்துவிடாதீங்க. ரிப்பேர் செய்தாலும் சுடவே முடியாது என்கிற நிலையில் இருக்கிற பழம்பொருளுக்குத்தான் சட்டத்தில் விலக்கு. அதை நாம முடிவு செய்ய முடியாது.

நான் விற்கவில்லை. தம்பி சம்மதித்து எழுதிக் கொடுத்தான். தோட்டா வாங்க மாட்டேன் என்று நானும் எழுதிக் கொடுத்து வாரிசு லைசென்ஸுக்கு மனுப் போட்டேன். எட்டு மாசம் அலைச்சல், எத்தனையோ கையெழுத்து. ஒருவழியாக வந்தது. அன்னைக்கு என் மகன் கேட்டான், "சுட முடியாத துப்பாக்கிக்கு எதுக்குப்பா இவ்வளவு அலைச்சல்?"

மஞ்சள் வித்து வாங்கின ரசீதையும் அந்த வளையத்தையும் அவனுக்குக் காட்டினேன். அப்புறம் ஒரு தாளில் எழுதி லைசென்ஸ் புஸ்தகத்துக்குள் வைத்தேன்: பர்மிங்காம் வேலை, 1875-க்கும் 1887-க்கும் நடுவில். கரிமருந்துச் சோதனை மட்டும். இடது குழல் உப்பியிருக்கு. யாரும் சுடக் கூடாது. உங்க தாத்தா இதைச் சொல்லாமல் போயிட்டார், நான் எழுதி வைக்கிறேன்.

இந்த வருஷமும் கடலைக்காய்தான் போட்டிருக்கிறோம். ராத்திரி பரணில் தகர டப்பாவும் டார்ச்சும்தான். நேத்து அஞ்சு பன்னி வந்தது. விடிய விடியத் தட்டினோம்.